ஜான் பிரவுனுக்காகப் பேசுகிறவர்கள் ஏன் பிறர் வாயால் பேசுகிறார்கள்?

கேள்வி – அக்டோபர் 11

சென்ற வாரம் எங்கள் ஊர் நூலகத்தில், அமெரிக்காவில் அடிமை முறையை ஆயுதத்தால் ஒழிக்க முனைந்த ஜான் பிரவுனைப் பற்றி ஓர் உரை நடந்தது. பேசியவர் அவரைப் போற்றுகிறவர், நன்றாகவே பேசினார். முடிவில் ஒருவர் எழுந்து, 1856 மே மாதம் கேன்சஸின் பொட்டவாட்டமி ஓடைப் பகுதியில் பிரவுனும் ஆட்களும் ஐந்து பேரை இரவில் வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்து வாளால் வெட்டிக் கொன்றதை எப்படி ஏற்பது என்று கேட்டார். பேச்சாளர், அடிமையாகப் பிறந்து தப்பிவந்து அடிமை ஒழிப்புக்காகப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் சொன்னதைச் சொன்னார். பிறகு அமெரிக்க எழுத்தாளர் தோரோ சொன்னதை. பிறகு பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ சொன்னதை. "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று மறுபடியும் கேட்டபோது அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன் சொன்னதைச் சொன்னார். இதைக் கோழைத்தனம் என்றே நான் கருதுகிறேன். தன் பெயரில் நியாயப்படுத்த முடியாததை அடுத்தவர் தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுகிறார்கள். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

அக்டோபர் 11, இரவு

மறுக்கிறேன், ஆனால் முழுவதுமாக அல்ல. ஜான் பிரவுன் விஷயத்தில் துப்பாக்கி வெறும் உவமையாக நின்றுவிடவில்லை என்பதால் உங்கள் பழமொழி சற்று ஆபத்தானது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இவர் மீதான வழக்கு ஒன்றல்ல, இரண்டு. பொட்டவாட்டமி ஒன்று, 1859 அக்டோபர் 16 இரவு, 21 பேருடன் வெர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் இருந்த அரசு ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றி, அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்து மலைப்பகுதிக்குள் போகத் திட்டமிட்டது இன்னொன்று. இரண்டாவது முயற்சி ஒன்றரை நாளில் முடிந்தது; ராபர்ட் லீ தலைமையில் வந்த கடற்படை வீரர்கள் கதவை உடைத்தார்கள்; டிசம்பர் 2 அன்று பிரவுன் தூக்கிலிடப்பட்டார். நாம் இன்று கேட்கும் மேற்கோள்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வழக்குக்காகச் சொல்லப்பட்டவை. அவற்றை முதல் வழக்குக்கு விடையாக எடுத்து நீட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது. மேற்கோள் காட்டுவதே குற்றம் என்று நான் நினைக்கவில்லை.

அக்டோபர் 12

நேற்று எழுதியதை விரிக்கிறேன்.

தோரோ மாசசூசெட்ஸின் கான்கார்டு ஊரில் பிரவுனுக்காகப் பேசியது 1859 அக்டோபர் 30 அன்று. தீர்ப்பு இன்னும் வரவில்லை. அந்த வாரத்தின் செய்தித்தாள்களை நினைவில் கொண்டு அந்த உரையைப் படிக்க வேண்டும். அடிமை முறைக்கு எதிரான ஏடுகளே பிரவுனைப் பித்துப்பிடித்தவர் என்று எழுதிக்கொண்டிருந்தன. அடிமை ஒழிப்பின் மூத்த குரலான கேரிசன் நடத்திய ஏடுகூட, தன்னலமற்ற நல்லெண்ணம் கொண்டது என்று ஒப்புக்கொண்டபடியே, அந்தத் தாக்குதலை வழிதவறிய, கட்டற்ற, பித்துப்பிடித்ததாகத் தோன்றும் முயற்சி என்றது. நண்பர்களே இப்படிச் சொல்லும்போது தோரோ யாரைச் சாட்சிக்கு அழைக்க முடியும்?

அவர் எதிரிகளை அழைத்தார். பிடிபட்ட மறுகணம் முதல் பிரவுன் காயங்களோடு தரையில் கிடக்க, வெர்ஜீனியா ஆளுநர் ஹென்றி வைஸ், செனட்டர் மேசன், ஓஹையோவின் நாடாளுமன்ற உறுப்பினர் வல்லாண்டிகம் ஆகியோர் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். வைஸ் பின்னர், அவரைப் பைத்தியக்காரர் என்று எண்ணுகிறவர்கள்தாம் தவறு செய்கிறார்கள் என்றும், அவர் நிதானமானவர், அசைக்க முடியாதவர், தம்மிடம் சிறைப்பட்டவர்களை மனிதத்தன்மையோடு நடத்தியவர் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். வல்லாண்டிகமும் சாதாரண ரவுடிக்கோ வெறியருக்கோ பித்தருக்கோ முற்றிலும் எட்டத்தில் இருப்பவர் என்று எழுதினார். தோரோ இரண்டையும் எடுத்துப் படித்தார். தூக்கில் போடப்போகிறவரே கொடுத்த நற்சான்றை விட வலுவானது எது?

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வைஸ் அதே மூச்சில் பிரவுனை வெறியர், தற்பெருமைக்காரர், வாயாடி என்றும் சொல்லியிருந்தார். தோரோ அதை மறைக்கவில்லை, அந்தச் சொற்களையும் படித்துவிட்டு, "அந்தப் பகுதியை நான் திரு. வைஸிடமே விட்டுவிடுகிறேன்" என்று ஓர் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டார். எனக்குத் தெரிந்த மேற்கோள் நடைமுறைகளில் மிக நேர்மையான தந்திரம் இதுதான். வேண்டியதை எடுக்கிறேன், வேண்டாததை விடுகிறேன், விடுவதையும் உங்கள் கண்முன்னேயே விடுகிறேன்.

அக்டோபர் 12, சற்றுப் பின்னர்

ஓஹையோவில் இருக்கும் தோழி ஒருவர், வைஸ் ஏன் அப்படிப் புகழ வேண்டும் என்று கேட்கிறார். சரியான கேள்வி. பிரவுனின் குடும்பத்தில் மனநோய் உண்டு என்று ஓஹையோவிலிருந்து பல வாக்குமூலங்கள் ஆளுநருக்குப் போயின. அவற்றை ஏற்றிருந்தால் தூக்கு நின்றிருக்கும். தவிரவும், 21 பேரோடு வந்த ஒரு பித்தர் வெர்ஜீனியாவை ஒன்றரை நாள் கதிகலங்க வைத்தார் என்பதை விட, அஞ்சா நெஞ்சர் ஒருவர் வைத்தார் என்பது அந்த மாநிலத்தின் மானத்துக்குக் குறைந்த இழுக்கு. ஆகவே எதிரியின் புகழ்ச்சியும் தூய சாட்சியம் அல்ல. வைஸுக்கும் அதில் ஆதாயம் இருந்தது. தோரோவை நேர்மையானவர் என்று சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அவருடைய சாட்சிக்கு ஒரு சொந்தக் கணக்கு இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அக்டோபர் 13

ஹ்யூகோவைப் பற்றி இரண்டு வரி போதும். நாடுகடத்தப்பட்டு கெர்ன்சி தீவில் இருந்தவர், 1859 டிசம்பர் 2 என்று தேதியிட்டு, பிரவுனைக் காப்பாற்றுமாறு ஒரு கடிதம் எழுதினார். காயின் தன் தம்பி ஆபேலைக் கொல்வதை விட அச்சமூட்டுவது ஒன்று உண்டு, அது வாஷிங்டன் ஸ்பார்ட்டகஸைக் கொல்வது என்ற வரி அதில்தான் வருகிறது; ஸ்பார்ட்டகஸ் பண்டைய ரோமில் அடிமைகளின் கிளர்ச்சியை நடத்தியவர். அந்தத் தேதியிலேயே பிரவுன் இறந்துவிட்டார். அந்த வரி அழகானது. ஆனால் ஹ்யூகோவுக்குப் பிரவுனைத் தெரியாது, கேன்சஸைத் தெரியாது. அவர் ஒரு மரண தண்டனையை எதிர்த்தார். நூலகத்தில் அவரை இழுத்தது சபையை நிறைக்கத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நம் மேடைப் பேச்சாளர்களும் இப்படித்தானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கம் போனால் திரும்ப மாட்டோம், வேண்டாம்.

அக்டோபர் 14

பிரவுனின் சொற்களையே எடுத்துக்காட்டுவது இன்னொரு வகை, இதுதான் அதிகம் நடப்பது. தோரோ தம் உரையின் இறுதிப் பகுதியை ஏறத்தாழ முழுவதும் பிரவுனிடமே கொடுத்துவிட்டார். யார் உங்களை அனுப்பியது என்ற கேள்விக்கு, எந்த மனிதனும் அனுப்பவில்லை, என் தூண்டுதலும் என்னைப் படைத்தவரின் தூண்டுதலுமே என்று சொன்ன பதில். என்னை நீங்கள் எளிதில் தீர்த்துவிடலாம், ஆனால் இந்தப் பிரச்சினை இன்னும் தீரவில்லை என்ற எச்சரிக்கை. இவையெல்லாம் தோரோவுக்குச் செய்தித்தாள் வழியாகவே கிடைத்தன. நியூயார்க் ஹெரால்டின் நிருபர் அந்த அறையில் உட்கார்ந்து எழுதியவை. அடிமை முறை எதிர்ப்பாளர்களுக்குச் சற்றும் நட்பில்லாத ஏடு அது. எதிரியின் சுருக்கெழுத்தில்தான் பிரவுன் அடிமை முறை இல்லாத வடக்கே போய்ச் சேர்ந்தார்.

நவம்பர் 2 அன்று, தண்டனை விதிக்கும் முன் பிரவுன் நீதிமன்றத்தில் சொன்னது இன்னும் புகழ்பெற்றது. பணக்காரர்கள், அதிகாரம் படைத்தவர்கள், பெரிய மனிதர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் ஆகியோருக்காக இதையே செய்திருந்தால் இந்த நீதிமன்றத்தில் உள்ள ஒவ்வொருவரும் அதைப் பரிசுக்குரிய செயலாகக் கருதியிருப்பார்கள் என்றார். லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் பேசியதற்கு இணையாக வைக்கக்கூடிய அமெரிக்க உரை இது ஒன்றே என்று 1865-ல் எமர்சன் சொன்னார். ஹங்கேரியின் விடுதலைத் தலைவர் கோசுத் பேசியதில் ஒரு பகுதியை மட்டும் கூடச் சேர்த்துக்கொண்டார்.

கவனிக்க: அந்த உரையின் மையத்தில் பிரவுனும் மேற்கோள்தான் காட்டுகிறார். நீதிமன்றத்தில் முத்தமிடப்பட்ட புத்தகம் விவிலியம் என்று நினைக்கிறேன் என்று தொடங்கி, பிறர் எனக்குச் செய்ய வேண்டும் என்று விரும்புவதை நான் பிறருக்குச் செய்ய வேண்டும் என்ற கட்டளையையும், கட்டுண்டவர்களை அவர்களோடு நீங்களும் கட்டுண்டவர்களைப் போல நினைத்துக்கொள்ளுங்கள் என்ற எபிரேயர் நிருபத்தின் வரியையும் எடுத்து வைத்தார். உங்கள் சட்டம் எதன் மேல் சத்தியம் செய்கிறதோ அதிலிருந்தே நான் பேசுகிறேன் என்பது வாதம். ஆகவே பிரவுனுக்காகப் பேசுகிறவர்கள் மேற்கோளில் இறங்குவதற்கு வழி காட்டியவரே அவர்தான்.

ஆனால் சாட்சியமாக அந்த உரை பலவீனமானது. கொலையையோ, துரோகத்தையோ, அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டுவதையோ தாம் ஒருபோதும் எண்ணவில்லை என்றும், முந்தைய குளிர்காலத்தில் மிசௌரியிலிருந்து அடிமைகளை ஒரு குண்டும் சுடாமல் கனடா கொண்டுபோய் விட்டதைப் போலவே இதையும் எண்ணியதாகவும் அவர் சொன்னார். மிசௌரியில் ஓர் அடிமை உரிமையாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கு அவர் கொண்டுவந்த ஈட்டிகள் ஏறத்தாழ 950. ஆட்களை அழைத்துப் போக மட்டும் வருகிறவர் ஈட்டி எதற்குக் கொண்டு வருகிறார்? இந்த முரண்பாட்டை உணர்ந்து சிறையிலிருந்தே அரசு வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஹண்டருக்கு ஒரு விளக்கக் கடிதமும் எழுதினார். அந்தக் கடிதத்தை எந்த மேடையிலும் யாரும் படித்து நான் கேட்டதில்லை.

அக்டோபர் 16

இன்று அந்தத் தாக்குதல் நடந்த நாள் என்பதால், சொந்த அனுபவம் ஒன்று.

நான் மேரிலாந்தில் இருக்கிறேன். பிரவுனும் தோழர்களும் தாக்குதலுக்கு முன் ஒளிந்திருந்த கென்னடி பண்ணை வீடு எங்கள் பக்கத்து ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கு அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. பொட்டோமாக்கும் ஷெனாண்டோவாவும் கலக்கும் இடம் அழகு, அதற்காகவே வருகிறார்கள். பிறகு, பிரவுன் கடைசியில் அடைந்து நின்ற தீயணைப்பு வண்டிக் கொட்டகையைக் காட்டுவேன். அது சிகாகோ கண்காட்சிக்குப் போய், திரும்பி வந்து, பிறகு கறுப்பின மாணவர்களுக்கான ஸ்டோரர் கல்லூரி வளாகத்தில் நின்று, 1968-ல் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்த கதையையும் சொல்வேன்.

ஒரு முறை என் அத்தை, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, இவர் நல்லவரா, கெட்டவரா?" என்றார். நான் வாயெடுத்ததும் வந்த முதல் சொல் "டக்ளஸ் சொன்னார்" என்பதுதான். அத்தை, "டக்ளஸ் கிடக்கட்டும், உன்னைத்தானே கேட்கிறேன்" என்றார். நான் ஐஸ்கிரீம் கடையைக் காட்டினேன்.

அது அச்சத்தால் வந்ததல்ல. அத்தைக்கு யாரும் பயப்படத் தேவையில்லை. அடிமைப்படுத்தப்பட்டவர்களின் பெயரால் செய்யப்பட்ட ஒரு கொலையைச் சரி என்றோ தவறு என்றோ சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்ற தயக்கம் அது. சாட்டையடி பட்ட ஒருவரிடம் அந்த இடத்தை விட்டுவிடுவது பணிவு என்று அப்போது எண்ணினேன். பணிவு என்பதை இன்றும் மறுக்கவில்லை. ஆனால் அதில் வசதியும் கலந்திருந்தது.

அக்டோபர் 17

டக்ளஸைப் பற்றி எழுதியதை முடிக்காமல் விட்டுவிட்டேன்.

1859 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் சேம்பர்ஸ்பர்க்கில், ஒரு பழைய கல்குவாரியில், பிரவுன் டக்ளஸைத் தம்மோடு வருமாறு அழைத்தார். டக்ளஸ் மறுத்தார், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஒரு பொறி, போனால் வெளியே வர முடியாது என்றார். உடன் வந்திருந்த ஷீல்ட்ஸ் கிரீன் என்ற தப்பி வந்த அடிமை, கிழவரோடு போகிறேன் என்று சொல்லிப் போனார், பிறகு தூக்கிலிடப்பட்டார். டக்ளஸ் கைது ஆணைக்குத் தப்பிக் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனார். நவம்பர் 1 அன்று பாஸ்டனில் அவர் பேசியிருக்க வேண்டிய மேடையில் அவருக்குப் பதிலாகப் பேசியவர் தோரோ. பிறர் இடத்தில் நின்று பேசுவது இந்த வரலாற்றில் அடையாளமாக மட்டும் நடக்கவில்லை.

1881 மே 30 அன்று டக்ளஸ் அதே ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில், ஸ்டோரர் கல்லூரியில், பிரவுனைப் பற்றிப் பேசினார். பிரவுன் மீது வழக்கு நடத்திய ஆண்ட்ரூ ஹண்டர் மேடையில் உட்கார்ந்திருந்தார். என் இனத்துக்கான அவருடைய வேட்கை என்னுடையதை விடப் பெரிது, என்னுடையது மெழுகுவர்த்தி, அவருடையது எரியும் சூரியன்; நான் அடிமைக்காக வாழ முடிந்தது, அவரால் சாக முடிந்தது என்ற வாசகம் அங்கே சொல்லப்பட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கல்குவாரியில் மறுத்த மனிதர் சொன்னது அது. அதை மேடையில் எடுத்துச் சொல்கிறவர்களுக்கு மறுத்த வரலாறு கிடையாது. ஆகவே அந்த வாசகத்தின் பாதி எடை அவர்கள் கைக்கு வருவதில்லை.

முக்கியமானது இன்னொன்று. பொட்டவாட்டமியைப் பற்றி டக்ளஸ் மழுப்பவில்லை. நடுங்காமல் நினைக்க முடியாத செயல் என்று ஒப்புக்கொண்டு, கொடிய நோய்க்குக் கொடிய மருந்து என்று தம் சொந்தப் பெயரில், தம் சொந்தத் தீர்ப்பாகச் சொன்னார். ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். ஆனால் அது விடை. நூலகத்துப் பேச்சாளரிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு டக்ளஸிடம் நேரான பதில் இருந்தது. அவர் எடுத்ததோ மெழுகுவர்த்தியை. இதைத்தான் கோழைத்தனம் என்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். மேற்கோள் காட்டியதால் அல்ல, கேள்விக்குப் பொருந்தாததைத் தேர்ந்து காட்டியதால்.

அக்டோபர் 19

தூக்கு நடந்த நாளில் கான்கார்டு ஊரில் நடந்த கூட்டத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். இந்த இழைக்கு அதை விடப் பொருத்தமான நிகழ்ச்சி கிடையாது.

தோரோ, எமர்சன், அவர்களின் நண்பர் பிரான்சன் ஆல்காட் ஆகியோர் ஏற்பாடு செய்த கூட்டம் அது. உரைகள் வேண்டாம், பிரவுனின் சொற்களிலிருந்தும் கவிஞர்களிடமிருந்தும் வேதத்திலிருந்தும் பொருத்தமான பகுதிகளைப் படிப்போம் என்று தீர்மானித்ததை ஆல்காட் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நாட்டின் மிகச் சிறந்த பேச்சாளர்கள் சிலர் ஒரே மேடையில் கூடி, சொந்தமாகப் பேசுவதில்லை என்று வேண்டுமென்றே முடிவு செய்தார்கள். தோரோ, ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் தம் மாமனார் அக்ரிக்கோலாவுக்கு எழுதிய இரங்கல் பகுதியைத் தாமே மொழிபெயர்த்துப் படித்தார். தம் கவிதைக் குறிப்பேட்டைப் புரட்டும்போது அதில் உள்ளவற்றில் சிறந்தவை எல்லாம் பிரவுனுக்கே எழுதப்பட்டவை போலப் பொருந்துகின்றன என்றும் சொன்னார்.

ஐந்து வாரங்களுக்கு முன் அதே மனிதர் சொந்தக் குரலில் இடியாய் முழங்கியவர் என்பதை மறக்கக் கூடாது. அவருக்குச் சொல்ல எதுவும் இல்லாததாலோ துணிவு இல்லாததாலோ அன்று அவர் படிக்கவில்லை. அது ஓர் இறுதிச் சடங்கு; உடல் இல்லாத இடத்தில் நடந்த சடங்கு. சடங்கில் எவரும் வாதாடுவதில்லை, எல்லாருக்கும் தெரிந்த சொற்களைச் சொல்கிறார்கள். மேற்கோள் சாட்சியாக வருவது ஒன்று, கேடயமாக வருவது ஒன்று, துக்கமாக வருவது இன்னொன்று. சிக்கல் என்னவென்றால், துக்கத்தில் படித்தவற்றை நாம் பிறகு சாட்சியமாகப் பயன்படுத்துகிறோம்.

அக்டோபர் 19, இரவு

நூலகத்தில் சொல்லப்பட்ட எமர்சனின் தூக்குமர வரி பற்றி ஒரு சேர்க்கை. பிரவுன் தூக்கிலிடப்பட்டால் தூக்குமரத்தைச் சிலுவையைப் போல் மகிமையாக்குவார் என்று 1859 நவம்பரில் பாஸ்டனில் எமர்சன் பேசினார். தெற்கே பத்திரிகைகள் கொதித்தன. அந்த எண்ணம் அவருடையது அல்ல. மேட்டி கிரிஃபித் என்ற கென்டக்கிப் பெண், பிரவுனைத் தூக்கிலிட்டால் தூக்குமரம் சிலுவையைப் போல் புனிதமாகும் என்று சொன்னதாக அவரே தம் நாட்குறிப்பில் குறித்திருக்கிறார். மேடையில் அவள் பெயர் காணாமல் போனது. ஆக நூலகத்துப் பேச்சாளர் காட்டியது மேற்கோளின் மேற்கோள். அடிமைகளுக்கு உரிமையாளர்களாக இருந்த குடும்பத்தில் பிறந்து அந்த முறையை எதிர்த்தவள் சொன்னது என்று தெரிந்தால் அந்த வரி எனக்கு இன்னும் கனமாகிறது.

அக்டோபர் 20

கேள்வி கேட்ட நண்பர், சாட்சி, சடங்கு என்றெல்லாம் பிரித்துக் கோழைத்தனத்தை நான் கரைத்துவிட்டதாகச் சொல்கிறார். கரைக்கவில்லை. அது வேறோர் இடத்தில் இருந்தது.

பிரவுனுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்து உதவியவர்கள் ஆறு பேர் என்று வரலாறு குறிக்கிறது. தாக்குதல் தோற்றதும் கெரிட் ஸ்மித் யூட்டிகாவில் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். ஹோவ், ஸ்டெர்ன்ஸ், சான்போர்ன் மூவரும் கனடாவுக்குப் போனார்கள். ஹோவ் தமக்கு எதுவும் தெரியாது என்று செய்தித்தாளில் அறிக்கையும் விட்டார். தியோடர் பார்க்கர் நோயுற்று இத்தாலியில் இருந்தார், அங்கிருந்தே ஆதரித்து எழுதினார். ஓடாமல் நின்றவர் ஹிக்கின்சன் ஒருவர்தான். திட்டம் தெரிந்தவர்கள் வாய் மூடியபோது, திட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத தோரோ முதலில் வாய் திறந்தார். தெரிந்தவர்களிடமிருந்து மேற்கோள் கிடைக்கவில்லை. தெரியாதவர்களிடமிருந்துதான் நமக்கு இத்தனை கிடைத்திருக்கின்றன.

அக்டோபர் 21

நேற்றைய கடைசி வரியை இரவெல்லாம் யோசித்தேன். நூலகத்துக் கேள்விக்கு நான் சொல்ல நினைத்தது அதில்தான் இருக்கிறது.

தோரோவும் எமர்சனும் பொட்டவாட்டமியைப் பற்றி எதை அறிந்திருந்தார்கள்? கொல்லப்பட்ட ஜேம்ஸ் டாயிலின் மனைவி மஹாலா டாயில் 1856-லேயே வாக்குமூலம் கொடுத்தார். நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் சிறுபான்மை அறிக்கையில் அது அச்சானது. ஆனால் வடக்கே அதை அடிமை முறை ஆதரவாளர்களின் கட்டுக்கதை என்று எளிதில் தள்ளிவிட முடிந்தது; பிரவுனும் தம் நண்பர்களிடம் நேராக ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இரவில் உடன் போன ஜேம்ஸ் டவுன்ஸ்லி 1879-ல் விவரமாகச் சொன்ன பிறகே மறுப்பதற்கு இடமில்லாமல் போனது. தோரோ 1862-லேயே இறந்துவிட்டார்.

பிரவுனை ஒளியின் தேவதூதன் என்று தோரோ சொன்னபோது, அந்த ஐந்து பேரின் இரத்தம் பிரவுன் கையில் இருந்தது என்று நம்பிச் சொல்லவில்லை. நாம் அதை அறிந்தவர்கள். அறிந்த ஒருவர் அறியாத ஒருவரின் சொற்களை எடுத்து அந்தக் கேள்விக்கே பதிலாக வைக்கும்போது, சொல்லோடு சேர்த்து அவருடைய அறியாமையையும் கடன் வாங்குகிறார். மேற்கோளின் தேதியை மறைத்துவிட்டால் இந்தக் கடன் வெளியே தெரியாது.

டக்ளஸ் 1881-ல் பேசியவர். அவர் அறிந்து பேசினார். ஆகவே அவரிடமிருந்து மட்டுமே இந்தக் கேள்விக்குக் கடன் வாங்கலாம். வாங்கினாலும் வட்டியாக நம் கருத்தைச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 22

மஹாலா டாயில் ஒரு கடிதமும் எழுதியிருக்கிறார், அதில் இருப்பதைச் சொல்லக் கேட்டவர்களுக்கு: அவர் டென்னசியின் சட்டனூகாவிலிருந்து 1859 நவம்பரில் சிறையிலிருந்த பிரவுனுக்கு எழுதினார். பழிவாங்குவது தம் உரிமை அல்ல என்று சொல்லிவிட்டு, ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் அவர் தடுக்கப்பட்டது தமக்கு மகிழ்ச்சி என்று எழுதினார். நடு இரவில் வீட்டுக்குள் நுழைந்து கணவரையும் இரண்டு மகன்களையும் கொண்டுபோனதைச் சொல்லி, எங்கள் அடிமைகளை விடுவிக்க என்று நீங்கள் சொல்ல முடியாது, எங்களிடம் அடிமை எவரும் இல்லை, வைத்துக்கொள்ளும் எண்ணமும் இருந்ததில்லை என்றார். அவர் கெஞ்சியதால் விடப்பட்ட மகன் ஜான் வளர்ந்துவிட்டான், உங்கள் கழுத்தில் கயிற்றைச் சரிசெய்ய வர விரும்புகிறான் என்றும் முடித்தார்.

பிரவுனைப் போற்றும் கூட்டங்களில் இவரை மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை. பிரவுனைத் தூற்றும் எழுத்துகளில் இவர் தவறாமல் வருகிறார், ஆனால் அங்கே நாற்பது லட்சம் அடிமைகளில் ஒருவர்கூட வாய் திறப்பதில்லை. ஜேம்ஸ் டாயில் அடிமை முறையை ஆதரித்த கூட்டத்தில் தீவிரமாக இருந்தவர், அந்த மே மாதத்திலேயே அடிமை முறை எதிர்ப்பாளர்களின் லாரன்ஸ் நகரம் சூறையாடப்பட்டது, மறுநாளே செனட் அவையில் அடிமை முறையை எதிர்த்த சார்ல்ஸ் சம்னர் பிரம்பால் அடித்து வீழ்த்தப்பட்டார் என்பனவும் அந்த எழுத்துகளில் சுருங்கிப் போகின்றன. யாரை மேற்கோள் காட்டுகிறார் என்பதை விட யாரைக் காட்டவில்லை என்பதைப் பார்த்தால் பேச்சாளரின் தீர்ப்பு தெரிந்துவிடும்.

இதே கணக்கில் ஹேவர்ட் ஷெப்பர்டையும் சொல்ல வேண்டும். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் பிரவுனின் ஆட்கள் சுட்டதில் முதலில் இறந்தவர், ரயில் நிலையத்தில் வேலை பார்த்த சுதந்திரமான கறுப்பினத்தவர். 1931-ல் தெற்கத்திய அமைப்புகள் அவருக்குக் கல் நாட்டி, விசுவாசமான கறுப்பினத்தாருக்கு அவரை எடுத்துக்காட்டாக்கின. அவர் அப்படி ஏதும் சொன்னதாகப் பதிவு இல்லை. வாய் திறக்காதவரின் வாயில் வைத்த சொற்கள் அவை.

அக்டோபர் 23

மேற்கோள் இல்லாமல் எவரும் பேசியதே இல்லையா என்று கேட்டவருக்கு: கறுப்பின அறிஞர் டு பாய்ஸ். 1906-ல் கறுப்பினத்தாரின் சம உரிமைக்கான நயாகரா இயக்கத்தின் கூட்டம் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் நடந்தபோது அவர் எழுதிய அறைகூவலில், நாங்கள் வன்முறையை நம்பவில்லை, இகழப்படும் தாக்குதலின் வன்முறையையும் போற்றப்படும் படைவீரனின் வன்முறையையும் கும்பலின் காட்டுமிராண்டி வன்முறையையும் நம்பவில்லை, ஆனால் ஜான் பிரவுனை நம்புகிறோம் என்று இருக்கிறது. முன்னுக்குப் பின் முரணாகப் படும். ஆனால் எவரையும் துணைக்கு அழைக்காமல் அந்த முரணைத் தம் பெயரிலேயே நிறுத்தினார்கள். படைவீரனின் வன்முறை போற்றப்படுகிறது என்ற இடைச்சொல்லை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன்.

சமாதான வழியை நம்பிய அடிமை ஒழிப்பு எழுத்தாளர் லிடியா மரியா சைல்டும் இப்படித்தான். சிறையில் இருந்த பிரவுனுக்கே, உங்கள் முறையை என்னால் ஏற்க முடியாது, உங்கள் நோக்கத்தைப் போற்றுகிறேன், வந்து காயங்களுக்கு மருந்திடட்டுமா என்று எழுதினார். முகத்துக்கு நேரே மறுத்துவிட்டு ஆதரித்தவர்.

அக்டோபர் 25

அப்படியென்றால் உங்கள் விடை என்ன என்று இருவர் கேட்டுவிட்டார்கள். அத்தையையும் சேர்த்தால் மூவர்.

பொட்டவாட்டமியில் நடந்தது கொலை. அந்த ஐவரும் அடிமை முறையின் பக்கம் நின்றவர்கள் என்பதும், அந்த வாரத்தில் எதிர்த்தரப்பு செய்தவையும் அது ஏன் நடந்தது என்பதை விளக்குகின்றன. படுக்கையிலிருந்து எழுப்பி வெட்டியதை அவை நியாயமாக்கவில்லை. கொடிய மருந்து என்று டக்ளஸ் சொன்னதை மதிக்கிறேன், ஏற்கவில்லை. அந்த மருந்தால் கேன்சஸில் நோய் தணியவில்லை, அந்தக் கோடையிலேயே சண்டை பெருகியது. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியை ஆதரிக்கிறேன். நாற்பது லட்சம் பேரைச் சட்டத்தின் பெயரால் சொத்தாக வைத்திருந்த அரசிடம் ஆயுதத்தைப் பறிக்கப் போனதைக் குற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. திட்டம் மோசமானது, ஷெப்பர்டின் மரணத்துக்கு அவர் பொறுப்பாளி, இரண்டு மகன்களை அங்கே பலிகொடுத்தார். இவற்றையும் சேர்த்துக்கொண்டே ஆதரிக்கிறேன். இரண்டு வழக்குக்கும் ஒரே தீர்ப்பு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே தீர்ப்பு இல்லை.

நூலகக் கூட்டத்துக்கு அடுத்த முறை போகிற நண்பருக்கு ஒரு யோசனை. பேச்சாளர் மேற்கோள் காட்டினால் குறுக்கிட வேண்டாம். "அது எந்த ஆண்டு சொன்னது?" என்று மட்டும் கேளுங்கள்.

அக்டோபர் 26

கேட்டாராம். 1859 என்றாராம். பிறகு டவுன்ஸ்லியைப் பற்றிப் பேச்சு போய், கூட்டம் ஒரு மணி நேரம் நீண்டு, நூலகத்தார் விளக்கை அணைத்திருக்கிறார்கள். பேச்சாளரின் சொந்தக் கருத்து வாகன நிறுத்துமிடத்தில்தான் கிடைத்ததாம்; அது என்னுடையதற்கு நேர் எதிரானது, பொட்டவாட்டமி சரி, ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி மடத்தனம் என்பது. அவரை இங்கே எழுதச் சொல்லுங்கள்; இரண்டாவது பாதியில் எனக்கும் அவருக்கும் பேச நிறைய இருக்கிறது.